போட்டுக் கொடுத்த தளங்கள் எங்கே?

2013-ம் ஆண்டில் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம், அடுத்த பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. படிக்கிறவர்களுக்கு இது இன்னொரு புள்ளிவிவரம். இருபது, இருபத்தைந்து வருடங்களாகத் தனியாளாக உட்கார்ந்து வெப்சைட் போட்டுக் கொடுத்துவரும் ஃப்ரீலான்ஸ் டிசைனர்களுக்கு, தங்கள் உழைப்பில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் கணக்கு.

கொத்தனார், தான் கட்டிய வீட்டைத் தெருவில் போகும்போது பேரனுக்குக் கை நீட்டிக் காட்டலாம். வெப் டிசைனருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதிதாக வரும் க்ளையன்ட் கேட்கும் முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி பண்ணின சைட் லிங்க் அனுப்புங்க" என்பதுதான். பழைய பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தால், ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்றில் 'இந்த டொமைன் விற்பனைக்கு' என்று வருகிறது. மூன்றாவதில், ஒரு பம்ப் செட் கம்பெனியின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பத்து வருட அனுபவம் உள்ளவர், இரண்டே இரண்டு லிங்க்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தளங்களெல்லாம் எப்படி உருவாயின, ஏன் மறைந்தன, எது எதனால் பிழைத்தது? தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் முதல் தலைமுறை ஐம்பது வயதை நெருங்கும் இந்த நேரத்தில் இதைக் கேட்டு வைப்பது அவசியம். அவர்களுடைய ஹார்ட் டிஸ்க்குகளும் சிடிக்களும் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

டேபிளுக்குள் டேபிள்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. அடுத்த சில வருடங்களில் கோவையின் பம்ப், கிரைண்டர் தயாரிப்பாளர்களும், திருப்பூரின் பனியன் ஏற்றுமதியாளர்களும், ஊருக்கு ஊர் முளைத்த பொறியியல் கல்லூரிகளும் 'நமக்கும் ஒரு சைட் வேணும்' என்று கேட்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வியாபாரிக்கு விசிட்டிங் கார்டு நீட்டும்போது அதில் ஒரு வெப் முகவரி இருக்க வேண்டும். அந்தத் தேவையிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது.

டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவர், கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடியவர் என்று பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் இதற்குள் வந்தார்கள். ஃபோட்டோஷாப்பில் முழுப் பக்கத்தையும் ஒரு படமாக வரைந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஃப்ரன்ட்பேஜிலோ டிரீம்வீவரிலோ ஒட்டவைப்பது அன்றைய வழக்கம். பாதித் தொகை அட்வான்ஸ், சைட் லைவ் ஆனதும் மீதி. அந்த மீதி கைக்கு வருவதற்குள் 'ஒரே ஒரு சின்ன சேஞ்ச்' எத்தனை வரும் என்பது இந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காலத்துத் தளம் ஒன்றின் நிரலைத் திறந்து பார்த்தால் வேலைப்பாடு கண்ணில் படும். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள். கணக்கு வழக்குகளை வரிசையாகக் காட்ட உண்டான அட்டவணையை, பக்கத்தைப் பிடித்து நிறுத்தும் சாரமாக மாற்றியிருந்தார்கள். இரண்டு பத்திகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் அளவுள்ள ஜிஃப் படத்தை அங்கே வைத்து இழுத்து நீட்டுவார்கள். நெட்ஸ்கேப்பில் சரியாகத் தெரிவது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் கோணிக்கொள்ளும். பாதி இரவு அதைச் சரிபார்ப்பதிலேயே போகும். கடைசியில் பக்கத்தின் அடியில் '800-க்கு 600 திரையில் பார்க்கவும்' என்று ஒரு வரி, ஒரு விசிட்டர் கவுன்டர், மேலே வலமிருந்து இடமாக ஓடும் ஒரு மார்க்கீ.

இந்த வித்தைகளை உலகம் முழுக்கப் பரப்பியதில் டேவிட் சீகல் என்ற அமெரிக்க டிசைனருக்குப் பெரிய பங்கு உண்டு. 1996-ல் அவர் எழுதிய 'கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்' புத்தகம் அன்றைய டிசைனர்களின் பாடநூல். மறுவருடமே அவர் ஒரு கட்டுரை எழுதினார். வெப்பைப் பாழாக்கியது தானே என்பதுதான் அதன் தலைப்பும் சாரமும். பக்கத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரிக்க முடியாதபடி பின்னிவிட்டோம், இனி எந்த இயந்திரமும் இதைப் புரிந்துகொள்ளத் திணறும் என்பது அவருடைய கவலை. புகழின் உச்சியில் இருந்தபோதே தன் பழைய வேலையை இவ்வளவு கறாராக எடைபோட்டவர் இந்தத் துறையில் அபூர்வம். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த டேபிள் தளங்களை இன்றைய பிரவுசரில் போட்டால், அசங்காமல் அப்படியே திறக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

எழுத்தே இல்லாத தமிழ்த் தளங்கள்

ஆங்கிலத்தில் தளம் போட்டவருக்கு இருந்தது ஒரு பங்கு கஷ்டம் என்றால், தமிழில் போட்டவருக்கு மூன்று பங்கு.

தமிழ், வெப்புக்கு வந்தது சிங்கப்பூர் வழியாக. 1995 அக்டோபர் 27 அன்று, அந்நாட்டின் அதிபர் ஓங் டெங் சியோங், நான்கு ஆட்சிமொழிகளிலும் கவிதைகள் கொண்ட ஓர் இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். அதில் தமிழைத் திரையேற்றியவர் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1999-ல், தமிழ் இணையம் காலூன்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் காலமாகிவிட்டார்.

அன்றைக்குத் தமிழ்த் தளம் போடுவதென்றால் எழுத்துருவையும் சேர்த்துப் போட வேண்டும். முகப்புப் பக்கத்திலேயே 'எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு பொத்தான் இருக்கும். டயல்-அப் இணைப்பில் அதை இறக்கி, கன்ட்ரோல் பேனலுக்குப் போய்ப் பதிந்து, பிரவுசரை மூடித் திறந்தால்தான் செய்தி படிக்க முடியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு தனி எழுத்துரு. ஒன்றுக்காகப் பதிந்தது இன்னொன்றில் வேலை செய்யாது.

காரணம் எளிமையானது. பாமினி எழுத்துருவில் போட்ட ஒரு தளத்தின் நிரலைத் திறந்தால், அங்கே 'தமிழ்' என்ற சொல்லே இருக்காது. ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி, இந்த ஐந்தும்தான் இருக்கும். பாமினி இருக்கும் கணினியில் அவை ஐந்தும் சேர்ந்து 'தமிழ்' என்று தெரியும். இல்லாத கணினியில் அதே ஐந்து குறிகளாகவே நிற்கும். தேடுபொறிக்கும் அப்படித்தான். 'தமிழ்' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் கிடைக்காது. இப்படிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பக்கங்களில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாமல் இருந்தது.

தரவிறக்கும் தொல்லையைத் தீர்க்க டைனமிக் ஃபான்ட் வந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும். ஆனால் மைக்ரோசாஃப்டின் முறை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் ஓடும், நெட்ஸ்கேப்புக்கு வேறொன்று. அதைவிட ஒரு சிக்கல் உள்ளே ஒளிந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் கருவியில் அந்த எழுத்துருக் கோப்பை உண்டாக்கும்போதே அது எந்த முகவரியில் ஓட வேண்டும் என்று கட்டிவைத்துவிடுவார்கள். தளத்தை வேறு டொமைனுக்கு மாற்றினால் எழுத்துரு அடங்கிவிடும், பக்கம் முழுக்கக் குப்பையாகத் தெரியும். இன்று ஒரு டிசைனர் தன் பழைய தமிழ்த் தளத்தை லேப்டாப்பில் திறந்து பார்த்து, 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறார் என்றால், பல நேரங்களில் ஃபைல் கெட்டிருக்காது. எழுத்துருதான் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலரும் பாடுபட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாக விசைப்பலகைக்கும், டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளுக்கும் தரம் வகுக்கப்பட்டது. உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற இன்னொரு முறையை உருவாக்கினார்கள். ஆகக்கூடி, தரங்களும் ஒன்றுக்கு மேற்பட்டதாயின. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு டிசைனர்கள் போட்ட இரண்டு தமிழ்த் தளங்களுக்கு இரண்டு எழுத்துரு தேவைப்பட்டது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. அது வீட்டுக் கணினிக்கு வந்து சேர வெகுநாள் ஆனது. விண்டோஸ் 2000-த்தில்தான் லதா எழுத்துரு கூடவே வந்தது. எக்ஸ்பியில்கூட, மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். அந்த சிடி வீட்டில் இருக்காது. விண்டோஸ் 98 வைத்திருந்தவருக்கு எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். "யூனிகோடுல பண்ணினா என் கஸ்டமருக்கே தெரியாதேப்பா" என்று க்ளையன்ட் சொன்னால் டிசைனரால் பதில் பேச முடியாது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்குள் ஒரு தலைமுறைத் தளங்கள் பழைய குறியீடுகளிலேயே வாழ்ந்து முடிந்துவிட்டன.

எழுத்தாளர் சுஜாதா ஆசிரியராக இருந்த அம்பலம் மின்னிதழ் இன்று இல்லை. ஆறாம்திணை மின்னிதழும் இல்லை. அதே காலத்தில் பிறந்த மதுரைத் திட்டம் இன்றும் இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கிய இந்தத் தன்னார்வப் பணி, தமிழ் நூல்களை முதலில் அன்றைய எழுத்துருக்களிலும், பிறகு டிஸ்கியிலும், பின்னர் யூனிகோடிலும் தந்தது. ஒவ்வொரு முறை தொழில்நுட்பம் மாறியபோதும் யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிப்போட்டிருக்கிறார்கள். தளம் பிழைத்ததன் ரகசியம் அவ்வளவுதான். அழகான டிசைன் அதைக் காப்பாற்றவில்லை, விடாத பராமரிப்பு காப்பாற்றியது.

ஃபிளாஷ் போன பிறகு

2000-க்குப் பிறகு பத்து வருடங்கள், பக்கங்களை அசைய வைக்கும் ஃபிளாஷ் மென்பொருளின் ராஜ்யம். தளத்தைத் திறந்ததும் இருட்டிலிருந்து கம்பெனி லோகோ சுழன்று வரும், பின்னணியில் இசை, மூலையில் 'ஸ்கிப் இன்ட்ரோ'. க்ளையன்ட்டுகளுக்கு அது உயிர். டிசைனர்களுக்கும் தங்கள் கைவண்ணத்தைக் காட்ட அதுவே மேடை. ஒரு கிரைண்டரின் கல் சுற்றுவதையும் மாவு வழிவதையும் சட்டகம் சட்டகமாக வரைந்து அசைய வைத்தவர்கள், அதற்கு வாரக்கணக்கில் உழைத்தார்கள்.

2007-ல் வந்த ஐஃபோனில் ஃபிளாஷ் ஓடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், அது ஏன் இனியும் ஓடாது என்று பகிரங்கமாகவே எழுதிவிட்டார். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் பிளேயரே உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது. முழுக்க ஃபிளாஷிலேயே போட்ட தளங்கள் அன்றோடு வெற்றுத் திரையாகிவிட்டன. இந்தத் தொழிலின் சரித்திரத்தில் இவ்வளவு வேலை ஒரே தேதியில் கண்ணை மூடியது வேறெப்போதும் இல்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் இங்கே ஒரு நல்ல சேதி உண்டு. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டிக் காட்டுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 2020 நவம்பரிலேயே இதைப் பயன்படுத்தித் தன் ஃபிளாஷ் சேகரிப்பைத் திறந்துவிட்டது. பழைய சிடியில் எஸ்டபிள்யூஎஃப் என்ற ஃபிளாஷ் கோப்பு வைத்திருக்கும் டிசைனர்கள் அதைத் தூக்கிப்போடக் கூடாது. எல்லாம் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. பழைய முறையில் எழுதிய எளிய அனிமேஷன்கள் பெரும்பாலும் ஓடிவிடுகின்றன.

பிழைத்தவை எவை?

1996-ல் வார்னர் பிரதர்ஸ் 'ஸ்பேஸ் ஜாம்' படத்துக்குப் போட்ட தளம் இன்றும் அதே நட்சத்திரப் பின்னணியோடு, அதே டேபிள் அமைப்போடு திறக்கிறது. 2021-ல் புதிய படம் வந்தபோது அதை உள்முகவரிக்கு நகர்த்தினார்கள், அழிக்கவில்லை. டேவ் ஷியா என்ற கனடா டிசைனர் 2003 மே மாதம் தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளமும் இருக்கிறது. ஒரே ஹெச்டிஎம்எல் பக்கம். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றி உலகெங்கும் உள்ள டிசைனர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட தோற்றங்களைப் படைத்தார்கள். சீகல் கேட்ட பிரிவினை இதுதான். பொருள் ஒரு பக்கம், தோற்றம் ஒரு பக்கம்.

பிழைத்தவற்றைப் பார்த்தால் வெறும் ஹெச்டிஎம்எல் தளங்கள்தான் கெட்டியானவை என்று தெரிகிறது. 1996-ல் எழுதிய பக்கம் இன்றும் திறக்கிறது. 2012-ல் வேர்ட்பிரஸ்ஸில் இருபது பிளக்-இன் போட்டுக் கட்டிய தளமோ, ஹோஸ்டிங் கம்பெனி பிஹெச்பி பதிப்பை ஏற்றிய மறுநாளே வெள்ளையாகிவிடுகிறது. 2015-ல் வந்த பிஹெச்பி 7, பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை அடியோடு நீக்கிவிட்டது. அந்தக் கட்டளைகளை நம்பிக் கையால் எழுதிய எத்தனையோ சின்னத் தளங்கள் அதில் விழுந்தன. க்ளையன்ட் போன் செய்து, "நீ பண்ணின சைட் ஓடலையே" என்பார். டிசைனர் தொட்டே ஐந்து வருடம் ஆகியிருக்கும். பராமரிப்புக்கு வருடக் கட்டணம் பேசிக்கொள்ளாமல் ஒரே தடவைத் தொகைக்குத் தளம் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இரு தரப்புக்கும் கேடாகவே முடிந்திருக்கிறது.

தொழில்நுட்பத்தைவிட அதிகம் கொன்றது இன்னொன்று: டொமைன் ரினியூவல். அன்றைக்குக் கிரெடிட் கார்டு வைத்திருந்த க்ளையன்ட் குறைவு. அதனால் டிசைனரே தன் கார்டில், தன் பெயரில், தன் ஈமெயிலில் டொமைன் வாங்கிக் கொடுத்தார். அது உதவிதான். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போனார், அந்த ஈமெயிலும் செத்தது, ரினியூவல் அறிவிப்பு யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தது. டாட்காம் முகவரி காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். அதன் பிறகு கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள். கடைசியில் 5 நாள் காத்திருப்பு. அதுவும் முடிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய தளத்தின் நற்பெயரையும் அதற்கு வரும் இணைப்புகளையும் குறிவைத்து வாங்கக் காத்திருக்கும் கூட்டம் உண்டு. பம்ப் கம்பெனி முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவது இப்படித்தான்.

சொந்த டொமைன் வாங்க முடியாதவர்கள் இலவச இடங்களை நம்பினார்கள். அவற்றில் பெரியது ஜியோசிட்டீஸ். தமிழர்கள் எத்தனையோ பேரின் முதல் தளமும் அங்கேதான். 1999-ல் அதை வாங்கிய யாஹூ, 2009 அக்டோபரில் மூடிவிட்டது. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி மாதங்களில் இரவு பகலாக இறக்கி, முடிந்ததைக் காப்பாற்றியது.

இன்றே செய்ய வேண்டியது

புரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின், 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பழைய வெப் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் தேதிகளில் எப்படி இருந்தது என்று காட்டும். படங்கள் சில விட்டுப்போயிருக்கும், உள்பக்கங்கள் பாதி இருக்காது. இருந்தாலும், எதுவுமே மிஞ்சவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் டிசைனருக்குத் தன் வேலையின் சாட்சியம் அங்கே கிடைக்கலாம். தமிழ்ப் பக்கமாக இருந்து எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அந்தக் குப்பையை அப்படியே நகலெடுத்து, சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் யூனிகோடில் தமிழ் வந்துவிடும். ஒரு கிராமத்துப் பள்ளியின் நூற்றாண்டு விழாப் பக்கமோ, மூடிப்போன சிற்றிதழின் கவிதைகளோ இப்படி மீட்கக்கூடியவை. ஆட்கள் உட்கார்ந்து செய்தால் போதும்.

இப்போது தளம் போட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள், லைவ் ஆன அன்றே முழுப் பக்கத்தின் படத்தையும் ஓர் எளிய ஹெச்டிஎம்எல் நகலையும் எடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். வேபேக் மெஷினில் 'சேவ் பேஜ் நவ்' என்ற வசதி இருக்கிறது, முகவரியைக் கொடுத்தால் அங்கேயும் ஒரு நகல் ஏறிவிடும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்துபூர்வ ஆவணம் வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யாத ஃப்ரீலான்ஸர் எழுதிய நிரலின் உரிமை, அப்படி எழுதிக் கொடுக்காதவரை பொதுவாக அவரிடமே இருக்கும். பணம் கொடுத்துவிட்டதால் எல்லாம் தன்னுடையது என்று க்ளையன்டும், தான் செய்ததால் எல்லாம் தன்னுடையது என்று டிசைனரும் நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மோதிக்கொள்ளத் தேவையில்லை. யாருக்கு எது என்பதையும், பழைய வேலையாகக் காட்டிக்கொள்ளலாம் என்பதையும் முதலிலேயே எழுதிவிடலாம்.

சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும், பள்ளிகளுக்கும், கோயில் அறக்கட்டளைகளுக்கும், சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று இன்றே உங்கள் டிசைனருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தளத்தின் முழு நகலையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வையுங்கள். அந்த வேலைக்கு அவர் ஒரு தொகை கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.